பாய்மரப் படகில் நானும் ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், உடற்குறையுள்ளோரும் பாய்மரப் படகு ஓட்டலாம், அதற்கென்றே செய்த படகுகள் இருக்கின்றன என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் இந்த முறை ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். மத்திய சேமநிதி, மாமியார், மேல்வீட்டுக்காரர் ஈரத்துணி காயப்போடுவது இதெல்லாம் அடுத்த மாதம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

என் தம்பிக்கு 31 வயது. மோட்டார்சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு மார்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன. பாய்மரப் படகு ஓட்டப்போகிறேன் என்கிறான். அம்மா, அவனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று யாரோ ஜோசியர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். படகு கவிழ்ந்தால் அவன் என்ன செய்வான்?
– ஈசூன் வாசகி

கண்டத்துக்கு என்னிடம் பரிகாரம் இல்லை அக்கா. படகைப் பற்றிச் சொல்கிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

டிவியில் பார்க்கும் பந்தயப் படகுகளில் ஓட்டுபவர் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே தொங்கவிட்டு, காற்று தள்ளுவதற்கு எதிராகத் தன் எடையைப் போடுவார். படகு திசை மாறும்போதெல்லாம் தலையைக் குனிந்து அடுத்த பக்கத்துக்குத் தாவுவார். அந்த மாதிரிப் படகில் உங்கள் தம்பி ஏறக் கூடாது. உடற்குறையுள்ளோர் பல நாடுகளில் ஓட்டுவது ஹான்சா என்ற வகை. ஆஸ்திரேலியாவில் கிறிஸ் மிட்செல் என்பவர் வடிவமைத்தது, முன்பு ஆக்சஸ் டிங்கி என்று பெயர். ஹான்சா 303 என்றால் 3.03 மீட்டர் நீளம். ஒருவர் ஓட்டலாம், இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்தும் ஓட்டலாம். இதில் விளிம்பில் உட்காரும் வேலையே இல்லை. படகின் வயிற்றுக்குள், தாழ்வாகத் தொங்கும் துணி இருக்கையில், முன்னால் பார்த்தபடி உட்கார்ந்தால் இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை. உடம்பின் எடை கீழேயே இருக்கிறது. அதற்கும் கீழே, தண்ணீருக்குள் நீளும் நடுப்பலகையில் கனம் ஏற்றியிருக்கிறார்கள். காற்று படகைச் சாய்க்கச் சாய்க்க அந்தக் கனம் நிமிர்த்தப் பார்க்கும், சாய்ந்த பாயில் காற்று பிடிப்பதும் குறைந்துவிடும். ஆகவே படகு சாயும், அது சகஜம். கவிழ்வதுதான் அபூர்வம். காற்று கூடினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கயிற்றை இழுத்துப் பாயைக் கம்பத்தில் சுற்றிச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

சுக்கானைத் திருப்ப, இருக்கைக்கு முன்னால் நடுவில் ஒரு ஜாய்ஸ்டிக் இருக்கும். வலப்பக்கம் தள்ளினால் படகு வலம் திரும்பும், இடப்பக்கம் தள்ளினால் இடம். பாய்க்கயிறு கைக்கு எட்டும் இடத்தில் வந்து நிற்கும். பயம் வந்தால் அந்தக் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டியது. பாய் படபடவென்று அடித்துக் காற்றை உதறிவிடும், படகு வேகம் இழந்து மிதந்துகொண்டு நிற்கும். முதல் நாளே இதைத்தான் சொல்லித்தருவார்கள், தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, தம்பியைப் படகோடு கட்டக் கூடாது. மார்புக்குக் கீழே பிடிமானம் இல்லாதவருக்கு உடம்பு பக்கவாட்டில் சரியும் என்பதால் திண்டு வைப்பார்கள், பக்கத்தில் தாங்கி வைப்பார்கள், அதெல்லாம் நல்லதுதான். வார் போட்டே ஆக வேண்டும் என்றால் அது ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும், தம்பியே அதைக் கரையில் நாலு தடவை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு, மிதவை அங்கி. 50 நியூட்டன் அங்கி என்பது நீந்தத் தெரிந்தவருக்கான உதவி மட்டும்தான், குப்புற விழுந்தவரைத் திருப்பிப்போடாது. 100, 150 நியூட்டன் அங்கிகள் ஆளை மல்லாக்கத் திருப்பும்படி செய்யப்பட்டவை, தம்பிக்கு அந்த ரகம் வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செயலிழந்த கால்களில் தசை வற்றிப்போயிருந்தால் கால் மேலே மிதக்கும், தலைப்பக்கம் தாழும், அங்கி நினைத்தபடி வேலை செய்யாமல் போகலாம். அதனால் கடலுக்குப் போகும் முன் நீச்சல் குளத்தில் ஆள் பிடித்துக்கொண்டு அங்கியோடு மிதக்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். தன் கண்ணால் பார்த்தால் பாதி அழுகை நின்றுவிடும்.

பெயர் போட வேண்டாம். எனக்கு முதுகுத்தண்டு பாதிப்பு, சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறேன். எல்லாரும் கடல், காற்று, சுதந்திரம் என்று எழுதுகிறார்கள். படகில் இருக்கும்போது பை நிறைந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் எழுத மாட்டேன் என்கிறார்கள்.
– தெம்பனிஸ்

வந்த கடிதங்களிலேயே ஆகச் சிறந்த கேள்வி இது. உடற்குறையுள்ளோர் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் (நானும்தான்) தன்னம்பிக்கை, சாதனை என்று வண்டி வண்டியாக எழுதிவிட்டுக் கழிப்பறையைத் தாண்டிப் போய்விடுகிறோம். பாதிப் பேர் வீட்டை விட்டுக் கிளம்பாமல் இருப்பதற்குக் காரணமே அந்தக் கழிப்பறைதான்.

ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பையைக் காலி செய்துவிடுங்கள். அப்புறம் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். சக்கர நாற்காலியில் உட்காரும் கோணம் வேறு, படகில் உட்காரும் கோணம் வேறு. படகில் இடுப்பு தாழ்ந்து முழங்கால் உயர்ந்திருக்கும், காலில் கட்டிய பை மேலே போய்விட்டால் சிறுநீர் இறங்காது. தொடையில் கட்டுவதா, பக்கத்தில் தாழ்வாக வைப்பதா என்று கரையிலேயே உட்கார்ந்து பார்த்து முடிவுசெய்யுங்கள். மிதவை அங்கியின் தொடைவார் குழாயை நசுக்கக் கூடாது. இது சாதாரண வசதிக் குறைவோடு போகிற விஷயமில்லை. மார்பு முதுகெலும்பின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலேயோ பாதிப்பு இருப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்து அடைத்துக்கொண்டால் இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து சூடாவது, பாதிப்புக்கு மேலே மட்டும் குப்பென்று வியர்ப்பது, இவைதான் அடையாளம். உங்கள் மருத்துவர் இதைச் சொல்லியிருப்பார், ஆனால் உங்களோடு படகில் உட்காரும் பயிற்றுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஏறும் முன் நீங்களே சொல்லுங்கள்: எனக்குத் தலைவலி என்று சொன்னால் உடனே கரைக்குத் திருப்புங்கள், படுக்கவைக்காதீர்கள், நிமிர்த்தி உட்காரவையுங்கள், வார்களைத் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், தணியவில்லை என்றால் ஆம்புலன்சுக்கு 995.

தோலும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் அவ்வப்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வீர்கள், படகில் அது நடக்காது. உங்கள் மெத்தையைப் படகுக்குள் போட முடியுமா என்று கேளுங்கள், முதல் முறை அரை மணி, முக்கால் மணியோடு இறங்கிவிடுங்கள். ஈரமான கால்சட்டையில் மடிப்பு இருந்தாலும் பின்பக்கம் தையல் இருந்தாலும் உப்புத்தண்ணீரோடு சேர்ந்து தோலை அரைத்துவிடும், அதனால் தையல் இல்லாத, ஒட்டினாற்போன்ற உடை நல்லது. பாதத்துக்குச் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். படகின் தரையில் கயிற்று முடிச்சும் கொக்கியும் இருக்கும், உணர்ச்சியில்லாத கால் கிழிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு இருந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் படாமல் படுங்கள், அடுத்த வாரப் படகை மறந்துவிடுங்கள்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. பாதிப்புக்குக் கீழே வியர்க்காத உடம்பு தானாகக் குளிராது. கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள், சட்டையை அவ்வப்போது நனைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் வராதீர்கள்.

எனக்கு 58 வயது. பக்கவாதத்தில் இடது கை போய்விட்டது, கால் இழுத்து இழுத்து நடப்பேன். ஒரு கையை வைத்துக்கொண்டு சுக்கானைப் பிடிப்பதா, கயிற்றைப் பிடிப்பதா?
– ஜூரோங் வெஸ்ட்

இரண்டையும்தான், ஆனால் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை. கயிற்றை இழுத்து, அதைக் கவ்விப் பிடிக்கும் பல்லில் மாட்டிவிட்டால் அது நிற்கும், கையை எடுத்து ஜாய்ஸ்டிக்குக்கு வரலாம். இரண்டு பேர் உட்காரும் படகில் தொடங்குங்கள் ஐயா, பக்கத்தில் இருப்பவர் கயிற்றைப் பார்த்துக்கொள்வார், சுக்கானை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கேட்காதீர்கள். சுக்கான் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஓட்டுகிறார், மற்றவர் பயணிதான். வலுவிழந்த கை விளிம்புக்கு வெளியே தொங்கி, படகேறும் மிதக்கும் மேடைக்கும் படகுக்கும் நடுவில் நசுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இடப்பக்கம் இருப்பதே கவனத்துக்கு வராது, உங்களுக்கும் அப்படி என்றால் பயிற்றுநரை இடப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள்.

என் கணவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "எனக்கெல்லாம் இது ஆகாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானே?
– புக்கிட் பாத்தோக்

சரியில்லை. இங்கிலாந்தில் ஹிலாரி லிஸ்டர் என்று ஒரு பெண். நரம்பு நோய் படிப்படியாக உடம்பை முடக்கியதில் கடைசியில் தலை, வாய், கண் மட்டும்தான் அவர் வசம் இருந்தன. வாயருகே மூன்று குழல்கள். உறிஞ்சினாலும் ஊதினாலும் சுக்கான் திரும்பும், பாய் இழுபடும். அப்படித்தான் 2005இல் ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடந்தார், 2009இல் பிரிட்டனையே தனியாகச் சுற்றிவந்தார். 2018இல் காலமானார். ஹான்சாவிலும் மின்மோட்டார் வைத்த வகை உண்டு. விரல் நுனியாலோ முகவாயாலோ அசைக்கும் சின்ன ஜாய்ஸ்டிக்கோடு ஓட்டலாம்.

உங்கள் கணவர் பிரிட்டனைச் சுற்ற வேண்டாம். ஆனால் அந்தக் கருவி இல்லாத இடத்தில் அவரைப் படகில் வைத்து ஒரு சுற்று சுற்றிக்காட்டிக் கைதட்டி அனுப்பினால் அவர் "எனக்கெல்லாம் ஆகாது" என்று சொன்னது உறுதியாகிவிடும். முதலில் தொலைபேசியில் கேளுங்கள்: மின்சாதனம் பொருத்திய படகு இருக்கிறதா, பளுதூக்கி இருக்கிறதா, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் அன்று வருகிறாரா?

பளுதூக்கி என்றதும் பயப்பட வேண்டாம். நான் சனிக்கிழமைகளில் மிதக்கும் மேடையில் நின்று கயிறு பிடிக்கிற ஆள் என்பதால் சொல்கிறேன், பார்க்கத்தான் கிரேனில் சாமான் ஏற்றுவதுபோல இருக்கும். தொடைக்கடியிலும் முதுகுக்குப் பின்னாலும் துணித்தூளியை நுழைத்து நாலு மூலையையும் கொக்கியில் மாட்டுவார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, ஒருவர் முழங்காலைப் பிடித்துத் திசை திருப்ப, மூன்றாமவர் மேடையில் மண்டியிட்டுப் படகு விலகிப்போகாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருப்பார். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாமவர் வேலையில்தான். மற்ற இருவரும் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படகு ஓசைப்படாமல் ஒரு சாண் நகர்ந்துவிடும். அதனால் உங்கள் கணவர் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடம், "படகைப் பிடித்திருக்கிறீர்களா?" என்று நீங்கள் சத்தமாகக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில் கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் சரிவு செங்குத்தாகிவிடும், கனமான மின்சக்கர நாற்காலிக்கு அது ஆபத்து. அன்றைய நீர்மட்ட நேரத்தைப் பார்த்து, தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள்.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். ஒரு நண்பர் படகுக்கு அழைக்கிறார். கடலைப் பார்க்க முடியாதவனுக்குப் படகில் என்ன வேலை?
– தோ பாயோ

கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் பல சமயம் மோசமாக ஓட்டுகிறார். பாய்மரப் படகுக்கு முக்கியம் காற்று, அதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. முகத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள், இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் ஒரே அளவில் கேட்கும் இடம் வரும். மூக்கு எங்கே நீட்டுகிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. பார்வையுள்ளவர்கள் பாயின் உச்சியில் கட்டிய துணுக்கு எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு அது கன்னத்திலேயே தெரிந்துவிடும். பாய் தளர்ந்தால் அதன் விளிம்பு முதலில் சிலுசிலுக்கும், அப்புறம்தான் படபடக்கும். அந்தச் சிலுசிலுப்பு வரும்போதே இழுக்கப் பழகினால் பாதி வித்தை வந்தாயிற்று. படகு வேகம் பிடித்தால் முன்பக்கத்துத் தண்ணீர்ச் சத்தம் மாறும். சாய்வு உட்கார்ந்த இடத்தில் தெரியும்.

திசையும் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஓட்டினால் இசிபி விரைவுச்சாலை வாகன இரைச்சல் எப்போதும் வடக்கே, கரைப் பக்கம். சாங்கிக்கு இறங்கும் விமானங்கள் இன்னொரு அடையாளம். காலை வெயில் எந்தக் கன்னத்தில் சுடுகிறது என்பது மூன்றாவது. என் நண்பர் ஒருவர், உங்களைப் போலவே பார்வையற்றவர், நண்டு வறுக்கிற வாசனையை வைத்துக் கரை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவேன் என்கிறார். அதில் எவ்வளவு உண்மையோ, கேட்க நன்றாக இருக்கிறது.

போட்டிகளும் உண்டு. பார்வையற்றோருக்கான உலகப் போட்டி 1992இல் நியூசிலாந்தில் தொடங்கியது. பார்வையின் அளவைப் பொறுத்து பி1, பி2, பி3 என்று பிரிக்கிறார்கள், பி1 என்றால் பார்வையே இல்லாதவர்கள். சுக்கானும் பெரிய பாயும் பார்வையற்றவர் கையில் இருக்கும். கூட வரும் பார்வையுள்ளவர் வழி சொல்லலாமே தவிர அந்த இரண்டிலும் கைவைக்கக் கூடாது. இத்தாலிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஹோமெரஸ் என்ற முறையில் படகில் பார்வையுள்ளவர் ஒருவரும் இருக்க மாட்டார். சுற்றிவர வேண்டிய மிதவைகள் ஆளுக்கொரு விதமாக ஒலியெழுப்பும், எதிர்ப் படகும் தான் எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறது என்று ஒலியால் சொல்லும், காதை வைத்தே பந்தயம்.

போங்கள். பாயைத் தாங்கும் கீழ்க்கம்பு எந்த உயரத்தில் வீசும் என்று ஏறும் முன் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இதெல்லாம் பணக்காரர்கள் விளையாட்டு. நம்மவர்களுக்கு எதற்கு? கோயில் திருவிழாவில் சக்கர நாற்காலிக்கு ஒரு வழி விடச் சொல்லுங்கள், அது போதும்.
– லிட்டில் இந்தியா

கடைசி வாக்கியத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன். முதல் வாக்கியம் பாதி சரி, பாதி பழக்கதோஷம். படகு வாங்கச் சொல்லவில்லை, அது மன்றத்தில் இருக்கும், நீங்கள் போய் ஓட்டிவிட்டு வரப்போகிறீர்கள். நம் ஊரில் உண்மையான செலவு சக்கர நாற்காலி ஏறும் வாடகை வண்டிக்குத்தான். பொதுப் பேருந்துகளில் எல்லாம் சாய்தளம் வந்துவிட்டது, தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் பேஷோர் வரை 2024 ஜூனில் திறந்துவிட்டார்கள், இருந்தாலும் அங்கிறங்கித் தேசியப் பாய்மரப் படகு நிலையம் வரைக்கும் வெயிலில் தள்ளிக்கொண்டு போவது நல்ல தூரம். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வண்டியைப் பகிர்ந்துகொண்டால் தாங்கும். மற்றபடி, தமிழ்நாட்டிலிருந்து ரஜுலா கப்பலில் நாள் கணக்கில் கடலைப் பார்த்தபடி வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கடல் நமக்கு ஆகாது என்று யார் சொன்னது?

என் தோழி சக்கர நாற்காலியில் இருக்கிறாள், போட்டிகளில் ஆர்வம். பாராலிம்பிக்கில் பாய்மரப் படகு இருக்கிறதா?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, அங் மோ கியோ

இருந்தது. 1996 அட்லாண்டாவில் காட்சிப் போட்டியாக வந்து, 2000 சிட்னியில் பதக்கப் போட்டியானது. கடைசியாக 2016 ரியோவில் நடந்தது. மூன்று பிரிவு: ஒருவர் ஓட்டும் 2.4 மீட்டர் என்ற பெயர் கொண்ட வகை, இருவர் ஓட்டும் ஸ்கட் 18, மூவர் ஓட்டும் சோனார். ஸ்கட் 18இல் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவருக்குக் கடுமையான உடற்குறை இருக்க வேண்டும் என்பது விதி. நம் நாட்டிலிருந்து ஜோவின் டானும் யாப் சியென் யின்னும் ரியோவில் அந்தப் பிரிவில்தான் போட்டியிட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டே, 2015இல், தோக்கியோவுக்கு இந்த விளையாட்டு கிடையாது என்று அனைத்துலகப் பாராலிம்பிக் குழு அறிவித்துவிட்டது. போதுமான நாடுகளில் பரவவில்லை என்பது காரணம். அதன் பிறகு பாரிசிலும் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலிசுக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2032 பிரிஸ்பனுக்காக முயற்சி நடக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பாராலிம்பிக் போனால் நிதி போகும், நிதி போனால் பயிற்றுநர் போவார், அப்புறம் பரவவில்லையே என்று கேட்டால் எப்படிப் பரவும்?

தோழியிடம் இதைச் சொல்லிச் சோர்வடையவைக்காதீர்கள். உலகப் பாய்மரப் படகுச் சம்மேளனம் உடற்குறையுள்ளோருக்கான உலகப் போட்டியை நடத்துகிறது, அதில் ஹான்சா 303க்கு ஆண், பெண் தனிப்பிரிவுகள் இருந்துவந்திருக்கின்றன. ஹான்சா வகுப்புப் போட்டிகளில் உடற்குறை உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடே பார்க்காமல் ஒரே வரிசையில் ஓட்டுவதும் உண்டு. படகு எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துவிடுவதால் அது நடக்கிறது, கூடைப்பந்தில் நடக்குமா சொல்லுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை நடக்கும் நண்பர்களைத் தண்ணீரில் தோற்கடித்துவிட்டு வந்து கிண்டல் செய்வதை நான் பார்த்திருக்கிறேன், பரிசுக்கோப்பையைவிட அந்தக் கிண்டல்தான் அவனுக்கு ருசி.

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு 14 வயது. தண்ணீர் என்றால் உயிர். ஆனால் ஓர் இடத்தில் உட்கார மாட்டான், திடீர்ச் சத்தம் ஆகாது. கூட்டிப்போகலாமா?
– செங்காங் தந்தை

தண்ணீர் என்றால் உயிர் என்பதுதான் கவனிக்க வேண்டிய வரி. குதித்துவிடுவான் என்றால் பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். மிதவை அங்கியை இரண்டு வாரம் முன்பே கடன் வாங்கி வீட்டில் போட்டுப் பழக்குங்கள், சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் பாய் படபடவென்று அடிக்கும், அந்தச் சத்தம்தான் அவனுக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கும். பாயைச் சுற்றிவைத்தபடி அவனை ஏற்றி, மேடையை விட்டு நகர்ந்த பிறகு விரித்தால் சத்தம் குறையும். பயிற்றுநர் பக்கத்தில் உட்காரும் 303இல் போடச்சொல்லுங்கள். கையில் கயிற்றைக் கொடுங்கள், "இழு", "விடு" என்று இரண்டே சொல். வேலை இருந்தால் உட்காருவான், இல்லாவிட்டால் நானும் உட்கார மாட்டேன். நீங்கள் கரையில் நின்று "கண்ணா, பார்த்து, பார்த்து" என்று கத்தாமல் இருந்தால் போதும். அதுவும் அவனுக்குத் திடீர்ச் சத்தம்தான்.

எந்த மாதம் போகலாம்? மழைக்காலத்தில் வேண்டாம்தானே?
– உட்லண்ட்ஸ்

நம் ஊரில் மழைக்குப் பயந்தால் கோப்பிக்கடைக்குக்கூடப் போக முடியாது. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குக் காற்று, நம் மீனவர் சொல்லும் வாடை, நன்றாக வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குப் பக்கத்திலிருந்து காற்று. நடுவில் உள்ள மாதங்களில் காற்று சோம்பிக் கிடக்கும், பிற்பகலில் இடி இடிக்கும். புதியவருக்குக் காற்றுக் குறைந்த காலைதான் நல்லது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்காற்று வரிசை மட்டும் வேறு ரகம், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். அது வருகிற நாளில் யாரும் உங்களைக் கடலுக்கு விட மாட்டார்கள். மின்னல் எச்சரிக்கை வந்தாலும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் படகிலிருந்து எடுத்துக் கரையேற்ற நேரம் ஆகும் என்பதால் மற்றவர்களுக்கு முன்பாகவே உங்களைத் திரும்பச் சொல்வார்கள், அதற்குக் கோபிக்க வேண்டாம்.

எங்கே விசாரிப்பது? எனக்குப் படகு ஓட்டத் தெரியாது, ஆனால் தொண்டூழியம் செய்ய விருப்பம். என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?
– பிடோக்

சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றத்தை அழையுங்கள், 1973 முதல் இயங்குகிறது, இப்போது யார், எந்த நாளில், எந்தக் கரையில் நடத்துகிறார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். சேலபிலிட்டி என்ற பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய இந்தத் தொண்டூழிய முயற்சியை இங்கேயும் அதே பெயரில் நடத்தியிருக்கிறார்கள்.

படகு ஓட்டத் தெரியாதது பிரச்சினையே இல்லை, ஓட்டத் தெரிந்தவர்கள் எப்போதும் வருவார்கள். மிதக்கும் மேடையில் மண்டியிட்டுப் படகைப் பிடிக்க ஆள் வேண்டும். படகைக் கழுவ, அங்கிகளைக் காயவைக்க, சக்கர நாற்காலிகளை வெயில் படாத இடத்தில் நிறுத்திவைக்க ஆள் வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். கறுப்பு இருக்கை ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தால், உணர்ச்சியில்லாதவர் வந்து உட்காரும்போது தொடை வெந்துவிடும், அவருக்குத் தெரியவும் தெரியாது. வரும்போது முட்டிக்குத் தடுப்புப் பட்டை கொண்டுவாருங்கள், அந்த மேடை ரொம்பச் சொரசொரப்பு.